மார்க் ஃபிட்ரிச்: ஒரே சீசன் அதிர்ஷ்டமா, கிழிந்த தோளா?

கேள்வி கேட்டவர்: "கடைசி ஓவர்" என்ற பெயரில் எழுதுபவர், மார்ச் 2

அமெரிக்க பேஸ்பால் அணியான டெட்ராய்ட் டைகர்ஸ் பற்றிப் படிக்கும்போது மார்க் ஃபிட்ரிச் என்று ஒரு பிட்சர் (பந்து வீசுபவர்) பெயர் கண்ணில் பட்டது. 1976இல் 19 வெற்றி. அதற்கப்புறம் ஆடிய நாலு வருஷத்தையும் கூட்டினால் மொத்தமே 10 வெற்றிதான். முதல் வருஷம் பேட்டர்களுக்கு ஆளைத் தெரியவில்லை, மறுவருஷம் பிடிகிடைத்துவிட்டது, அத்தோடு சரக்கு தீர்ந்தது. எனக்கு அப்படித்தான் படுகிறது. இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

மார்ச் 2, இரவு

சொல்ல முடியும். தோள் கிழிந்துபோன ஒருவரைப் பார்த்துச் சரக்கு தீர்ந்தது என்பது அநியாயம்.

1977 கணக்கை மட்டும் முதலில் எடுங்கள். முழங்கால் ஆபரேஷன் முடிந்து மே கடைசியில்தான் திரும்பி வந்தார். ஆடியது 11 ஆட்டம். அதில் 7 ஆட்டங்களை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை வேறு ஆளைக் கூப்பிடாமல் தானே போட்டு முடித்தார். ஈஆர்ஏ 2.89. ஃபீல்டர் தவறால் வந்த ரன் போக, ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்பதுதான் ஈஆர்ஏ. மூன்றுக்குக் கீழே என்றால் எந்த அணியும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும். பிடிகிடைத்துப்போன பிட்சரின் கணக்கு இப்படியா இருக்கும்?

மார்ச் 3

1976ஐ எழுதாமல் அடுத்ததற்குப் போக மனசு வரவில்லை.

மாசசூசெட்ஸில் நார்த்பரோ என்ற சின்ன ஊர்ப் பையன். அணிகள் முறைவைத்துப் புது ஆட்களை எடுக்கும் டிராஃப்டில், 1974இல், பத்தாவது சுற்றில்தான் டைகர்ஸ் எடுத்தது. 1976 வசந்தகாலப் பயிற்சிக்கு ஃபுளோரிடாவின் லேக்லேண்டுக்கு வந்தபோது அணிப் பட்டியலில்கூடப் பெயர் இல்லை, "வந்து போட்டுப் பார்" என்று கூப்பிடப்பட்டவர்களில் ஒருவர். நெட்டையான உடம்பு, சுருட்டை மஞ்சள் முடி. செசமி ஸ்ட்ரீட் நிகழ்ச்சியில் வரும் பெரிய மஞ்சள் பறவை மாதிரி இருக்கிறான் என்று, பெரிய லீகுக்குக் கீழ்ப்படியான சிறு லீகில் ஒரு கோச் "பேர்ட்" என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது.

மே 15. அன்று போட வேண்டிய பிட்சருக்குக் காய்ச்சல். வாய்ப்பு இவருக்குப் போனது. எதிரே கிளீவ்லேண்ட். ஆறு இன்னிங்ஸ் முடியும்வரை அவர்களுக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து பேஸைப் பிடிப்பது) இல்லை. கடைசியில் இரண்டே ஹிட், 2-1 வெற்றி. பிறகு மே 31லும் ஜூன் 5லும் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள் வழக்கமான ஒன்பதைத் தாண்டி 11 இன்னிங்ஸ் வரை போயின. இரண்டையும் இவரே முழுசாகப் போட்டு ஜெயித்தார். இந்த 11 இன்னிங்ஸ் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வருவேன்.

ஜூன் 28, திங்கள் இரவு. நியூயார்க் யாங்கீஸ் டெட்ராய்ட்டுக்கு வந்திருந்தது. நாடு முழுக்க ஏபிசியில் ஒளிபரப்பு. மைதானத்தில் 47,855 பேர். முதல் இன்னிங்ஸிலேயே டைகர்ஸின் ரஸ்டி ஸ்டாப் ஹோம் ரன் அடித்துக் கொடுத்தார். யாங்கீஸுக்கு எல்ராட் ஹெண்ட்ரிக்ஸ் அடித்த ஹோம் ரன் ஒன்றுதான் கிடைத்தது. 5-1. ஆட்டம் முடிய ஒரு மணி 51 நிமிஷம்தான் ஆயிற்று. ஆட்டம் முடிந்தும் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. அவர் உள்ளேயிருந்து மறுபடி வெளியே வந்து முகம் காட்டும்வரை கத்தித் தீர்த்தார்கள்.

சீசன் முடிவில் 19 வெற்றி, 9 தோல்வி. ஈஆர்ஏ 2.34, அந்த வருஷம் அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு லீகிலும் சேர்த்து அதுதான் முதலிடம். 29 ஆட்டங்களைத் தொடங்கி வைத்து 24ஐ முழுசாக முடித்தார். இரண்டு லீகின் நட்சத்திரங்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்தைத் தொடங்கும் மரியாதை, சிறந்த புதுமுகம் விருது, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதில் ஜிம் பாமருக்கு அடுத்த இடம். சம்பளம் 16,500 டாலர், அந்தக் காலத்துக் குறைந்தபட்சக் கூலி. டெட்ராய்ட்டில் இவர் போட்ட 18 ஆட்டங்களுக்கு ஆறு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வந்தார்கள். அந்த வருஷம் அங்கே எல்லா ஆட்டங்களுக்கும் வந்த கூட்டம் சுமார் பதினாலரை லட்சம்.

மார்ச் 3, சாயங்காலம்

"பந்தோடு பேசுவாராமே, கிறுக்கனா?" என்று கேட்டவருக்கு.

கிறுக்கு இல்லை. பந்தை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு உதடு அசையும், அதுதான் டிவியில் தெரியும். தாழப் போடு, நிதானமாய்ப் போடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதாக அவரே விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும், பிட்சர் நின்று போடும் மண் மேட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, எதிர் அணி பிட்சரின் காலணி ஸ்பைக் தோண்டிய குழியை வெறுங்கையால் மண் தள்ளி மூடி, உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்வார். அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். கால் வந்து ஊன்றும் இடத்தில் ஒரு அங்குலம் பள்ளம் இருந்தால் போதும், தாழப் போக வேண்டிய பந்து நெஞ்சு உயரத்துக்கு வந்து நிற்கும். அதை அந்த வயதிலேயே புரிந்துகொண்ட ஆள் அவர்.

அடி வாங்கிய பந்தை அம்பயரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதற்குள் இன்னும் ஹிட் பாக்கி இருக்கிறதாம், மற்றப் பந்துகளோடு பையில் கிடந்து புத்தி வரட்டுமாம். யாங்கீஸின் கிரெய்க் நெட்டில்ஸ் பதிலுக்குத் தன் மட்டையோடு பேசிப் பார்த்து அவுட் ஆனதாகவும், மட்டை ஜப்பானில் செய்தது, இங்கிலீஷ் புரியவில்லை என்று சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. டெட்ராய்ட்டில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர் இதை எத்தனை தடவை சொன்னாலும் முதல் தடவை மாதிரியே சிரிப்பார். எனக்கு இந்த ஆட்டக்காரரை அறிமுகம் செய்ததே அவர்தான். மிச்சிகன் வந்த புதிதில் பேஸ்பால் என்றாலே ஒன்றும் புரியாமல் இருந்தவன் நான்.

மார்ச் 5

இப்போது 1977.

மார்ச் மாதம், மறுபடி லேக்லேண்ட். பயிற்சியில் அவுட்ஃபீல்டில் நின்று உயரமாக வரும் பந்துகளைத் துள்ளித் துள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். நிதானம், அடிபட்டுக்கொள்ளாதே என்று ரஸ்டி ஸ்டாப் எச்சரித்ததாகச் சொல்வார்கள். ஒரு துள்ளலில் கால் தப்பாக ஊன்றி முழங்காலில் குருத்தெலும்பு கிழிந்தது. ஆபரேஷன். மே 27 அன்று திரும்பி வந்தார், முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி, பிறகு வரிசையாக ஆறு வெற்றி.

ஜூலை 4, பால்டிமோர். ஆட்டத்தின் நடுவே கை செத்துப்போனது. பேஸ்பாலில் அப்படியேதான் சொல்வார்கள், "செத்த கை". சுருக்கென்று குத்தவில்லை, எதுவும் முறியவில்லை. போடும் பந்தில் உயிர் இல்லை, அவ்வளவுதான். அதன்பின் அவர் பழைய ஆளாகவே இல்லை. 1978இல் மூன்று ஆட்டம், இரண்டில் வெற்றி. 1979இல் நாலு ஆட்டம், ஈஆர்ஏ 10.43. 1980இல் ஒன்பது ஆட்டம், அக்டோபர் 1 டொரன்டோவில் கடைசி. மொத்தம் 58 ஆட்டம், 29 வெற்றி, 19 தோல்வி, ஈஆர்ஏ 3.10.

டாக்டர்கள் பார்த்தார்கள், வீக்கம் என்றார்கள், ஓய்வு எடு என்றார்கள். மனசில்தான் கோளாறு என்று பேசியவர்களும் உண்டு. எட்டு வருஷம் கழித்து, 1985இல், ஆடுவதையே விட்டபிறகு, டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் உள்ளே பார்த்தபோதுதான் தோளின் ரொட்டேட்டர் கஃப் கிழிந்திருந்தது தெரிந்தது.

எட்டு வருஷம். அத்தனை காலமும் "உனக்கு என்னதான் ஆச்சு" என்று ஊரே கேட்டிருக்கும், அவரிடம் சொல்வதற்குப் பதில் இல்லை. இந்த இழையின் கேள்வி என்னைச் சுட்டதற்குக் காரணம் இதுதான்.

மார்ச் 6

ரொட்டேட்டர் கஃப் என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

தோள் மூட்டு ஆழமில்லாதது. கை எல்லாப் பக்கமும் சுழல வேண்டும் என்பதற்காக எலும்பு பெரிதாகவும் குழி சின்னதாகவும் இருக்கும். அந்த எலும்பு நழுவாமல் சுற்றிலும் பிடித்து வைத்திருப்பவை நாலு சின்னத் தசைகளின் நாண்கள். பிட்சர் பந்தை வீசும்போது கையை முடுக்கிவிடுவது காலும் இடுப்பும் நெஞ்சும். பந்து கையை விட்டுப் போனபிறகு அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்தும் வேலை இந்த நாண்களுக்கு. ஒவ்வொரு பந்துக்கும் அவை பிரேக் போட வேண்டும். தேய்வதும் கிழிவதும் அங்கேதான்.

எனக்கும் வலது தோளில் அதே இடம். மிச்சிகன் கிரிக்கெட் லீகில் வேகப் பந்து போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வீக்கம் கிடையாது, சிவப்பு கிடையாது. பகலில் டைப் அடிப்பேன், கார் ஓட்டுவேன். ராத்திரி அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் மட்டும் விழிப்புத் தட்டிவிடும். மேல் அலமாரியிலிருந்து டப்பா எடுக்கப் போனால் கை பாதி உயரத்தில் நின்றுவிடும். முதலில் பார்த்த டாக்டர் வயசு என்றார், மாத்திரை எழுதினார். இன்னொருவர் என் கையை முன்னால் நீட்டச் சொல்லி, கட்டை விரல் தரையைப் பார்க்கும்படி திருப்பச் சொல்லி, மேலிருந்து இரண்டு விரலால் லேசாக அழுத்தினார். கை தானாக விழுந்தது. அப்புறம்தான் எம்ஆர்ஐ, அப்புறம்தான் கிழிசல்.

இரண்டு விரல் அழுத்தத்தைத் தாங்காத கை அது. அப்படியொரு தோளோடு ஒருவர் பெரிய லீகில் பந்து வீசியிருக்கிறார், 1980 வரைக்கும், அதன்பிறகு சிறு லீகிலும். 1979இன் 10.43ஐப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்.

மார்ச் 8

"அப்படியானால் மேனேஜர் ரால்ஃப் ஹவுக்தானே கொன்றார்? 21 வயசுப் பையனை 250 இன்னிங்ஸ் போட வைத்தது யார்?" நல்ல கேள்வி. 11 இன்னிங்ஸ் விஷயத்தைச் சொல்லி வைத்தது இதற்காகத்தான்.

இன்றைக்கு எந்த அணியும் அப்படிச் செய்யாது. 200 இன்னிங்ஸ் தாண்டும் பிட்சர்களே இப்போது கொஞ்சம் பேர்தான். 24 கம்ப்ளீட் கேம், அதாவது தானே முழுசாக முடித்த ஆட்டம், என்பது இன்று கனவில்கூட நடக்காது. ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு 11 இன்னிங்ஸ் ஆட்டம், அதுவும் முதல் வருஷப் பையனுக்கு என்பது இன்று படிக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

ஆனால் அந்தக் காலத்தில் அது சாதாரணம். 1975இல் கேட்ஃபிஷ் ஹண்டர் 30 ஆட்டங்களை முழுசாக முடித்தார், 328 இன்னிங்ஸ். ஹவுக் ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை.

மார்ச் 9

ஈஆர்ஏ கணக்கில் கெட்டிக்காரரான ஒரு நண்பர் வேறு பக்கமிருந்து மடக்குகிறார். 250 இன்னிங்ஸில் 97 ஸ்ட்ரைக் அவுட்தான் (பேட்டரை அடிக்கவே விடாமல் அவுட் ஆக்குவது), மட்டையில் பட்ட பந்தெல்லாம் ஃபீல்டர் கைக்குப் போனது அதிர்ஷ்டம், எப்படியும் மறுவருஷம் ஏறியிருக்கும் என்கிறார்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். 2.34 என்பது எந்தப் பிட்சருக்கும் வருஷா வருஷம் வராது, கொஞ்சம் ஏறியே இருக்கும். ஆனால் அவர் ஆட்டமே ஸ்ட்ரைக் அவுட் ஆட்டமில்லை. பந்து கடைசி நேரத்தில் கீழே இறங்கும், பேட்டர் அதன் மேல் பாதியில் அடிப்பார், பந்து தரையோடு உருண்டு ஃபீல்டரிடம் போகும். 250 இன்னிங்ஸில் 53 பேருக்குத்தான் வாக் கொடுத்தார், 12 ஹோம் ரன்தான் விட்டார். ஆளை இலவசமாக பேஸுக்கு அனுப்பவும் மாட்டார், வேலிக்கு வெளியே அடிக்கவும் விடமாட்டார். இந்த இரண்டிலும் ஃபீல்டரின் கை இல்லை, முழுக்கப் பிட்சர் கையில் உள்ளவை.

1977இலும் 81 இன்னிங்ஸில் 42 ஸ்ட்ரைக் அவுட், 12 வாக். முந்தைய வருஷத்தைவிட ஸ்ட்ரைக் அவுட் விகிதம் கூடியிருக்கிறது, வாக் குறைந்திருக்கிறது. அந்தச் சமயத்தில் பேட்டர்களுக்கு அவர் ஆட்டம் அத்துப்படி. அப்படியும் முடியவில்லை. கடைசி ஓவர், உங்கள் முதல் கேள்விக்கு என் முழுப் பதில் இந்த இரண்டு எண்கள்தான்.

மார்ச் 9, பின்னிரவு

ஹவுக் விஷயம் தூங்கவிடவில்லை. நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஃபிராங்க் டனானா என்று ஒருவர், டெட்ராய்ட்டில் பிறந்தவர், ஃபிட்ரிச்சைவிட ஒரு வயசு மூத்தவர். 1970களில் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸில் நோலன் ரயனோடு சேர்ந்து அனலாய்ப் போட்டவர். 1977இல் அமெரிக்கன் லீகில் அவர் ஈஆர்ஏதான் முதலிடம். அவருக்கும் இளவயதிலேயே நிறைய இன்னிங்ஸ், அவருக்கும் கையில் கோளாறு. வேகம் போனது. ஆனால் வேகமில்லாமலே போடக் கற்றுக்கொண்டு 1993 வரை ஆடினார், 240 வெற்றி. 1987இல் சீசனின் கடைசி நாள் டொரன்டோவை 1-0 என்று அடக்கி டைகர்ஸுக்குப் பிரிவுப் பட்டத்தை வாங்கிக்கொடுத்ததும் அவர்தான்.

ஒரே காலம், ஒரே சுமை. ஒருவர் 21 சீசன், இன்னொருவர் ஐந்து. ஆகவே சுமை மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். முழங்கால் முழுசாகத் தேறாமல் போட்டதில் வீசும் முறை லேசாக மாறி, பாரம் தோளுக்குப் போயிருக்கும் என்ற விளக்கம்தான் எனக்கு அதிகம் ஒத்துவருகிறது. மேட்டில் இறங்கும் கால் தயங்கினால் அந்தக் கடனைத் தோள்தான் கட்ட வேண்டும்.

மார்ச் 11

டாமி ஜான் ஆபரேஷன் செய்திருக்கலாமே என்று கேட்டவருக்கு: அது முழங்கைக்கு. 1974 செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சரின் முழங்கையில் அறுந்த தசைநாருக்குப் பதில் இன்னொரு கையிலிருந்து நாண் எடுத்துக் கட்டினார். 1976இல் திரும்பிவந்த டாமி ஜான் 46 வயசுவரை ஆடினார், 288 வெற்றியில் 164 ஆபரேஷனுக்குப் பிறகு. தோள் அப்படியில்லை. இன்றைக்கும் முழங்கை ஆபரேஷன் முடிந்து வருகிறவர்கள்மேல் இருக்கும் நம்பிக்கை ரொட்டேட்டர் கஃப் கிழிந்தவர்கள்மேல் இல்லை. ஃபிட்ரிச் காலத்திலேயே கேன்சஸ் சிட்டியின் ஸ்டீவ் பஸ்பி, 1973இலும் 1974இலும் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத நோ-ஹிட்டர் ஆட்டம் ஒவ்வொன்று போட்டவர், தோளை ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பினார். பழைய பஸ்பி வரவில்லை.

இந்தியர் யாராவது உண்டா என்ற கேள்விக்கும் சேர்த்து: ரிங்கு சிங், தினேஷ் படேல், இருவரும் உத்தரப் பிரதேசம், ஈட்டி எறிந்தவர்கள். ஒரு டிவி போட்டியில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்து 2008இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் பெற்றார்கள். பெரிய லீகை இருவரும் தொடவில்லை. தினேஷ் 2010இல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு இன்னும் சில வருஷம் சிறு லீகில் நன்றாகவே போட்டார், பிறகு முழங்கை. அவருக்கு நடந்ததுதான் டாமி ஜான் ஆபரேஷன். கடைசியில் மல்யுத்தம் பக்கம் போய்விட்டார். அவரைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம், யாராவது தொடங்குங்கள்.

மார்ச் 14

பழைய டைகர் ஸ்டேடியம் மிச்சிகன் அவென்யூவும் டிரம்புல் தெருவும் சந்திக்கும் முனையில் இருந்தது. 1999இல் கடைசி ஆட்டம், 2009க்குள் இடித்துவிட்டார்கள். இடித்தபின் காடாகக் கிடந்த திடலை ரசிகர்களே புல் வெட்டி, கோடு போட்டு வைத்திருந்தார்கள். அப்போது போயிருந்தேன். சென்டர்ஃபீல்டின் கொடிக்கம்பம் மட்டும் பழசு. ஒரு அப்பா மேட்டில் நின்று தன் பெண்ணுக்கு மெதுவாகப் போட்டுக்கொண்டிருந்தார், வரிசையில் இன்னும் சில குடும்பங்கள் காத்திருந்தன. என் முறை வந்தபோது நானும் இடது கையால் ஒரு பந்து போட்டேன். இப்போது அங்கே செயற்கைப் புல்லோடு சிறுவர்களுக்கான மைதானம், 2018இல் திறந்தது.

மார்ச் 20

பிறகு என்ன ஆனார் என்று பலர் கேட்டிருப்பதால்.

1981க்குப் பிறகு டைகர்ஸ் விட்டுவிட்டது. பாஸ்டன் அணியின் சிறு லீக் கிளையான பாட்டக்கெட்டில் 1982இலும் 1983இலும் முயன்றார். அங்கேயும் அவரைப் பார்க்க மைதானம் நிறைந்தது. 1983இல் நிறுத்தினார். நார்த்பரோவிலேயே நிலம் வாங்கி, கல்யாணம் செய்து, ஒரு பெண் குழந்தை. டிப்பர் லாரி வைத்து மண்ணும் ஜல்லியும் ஏற்றினார். மாமியாரின் சின்ன உணவகத்தில் வார இறுதியில் ஒத்தாசை. கசப்பாகப் பேசியவர் இல்லை என்று அவரைச் சந்தித்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

2009 ஏப்ரல் 13, தன் பண்ணையில் அந்த லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது சுழலும் தண்டில் சட்டை சிக்கி இறந்துபோனார். 54 வயசு. இதை விவரித்துப் பேசுவதை இங்கே தவிர்ப்போம்.

மார்ச் 22

"என் பையனுக்கு 12 வயசு, டெக்சஸில் லிட்டில் லீக், ஒரே நாளில் எத்தனை பந்து போடலாம்?" என்று கேட்ட தகப்பனாருக்கு.

11, 12 வயசுக்கு ஒரு நாளைக்கு 85 பந்து உச்சவரம்பு. 66க்கு மேல் போட்டால் நாலு நாள் கட்டாய ஓய்வு. லிட்டில் லீகில் பந்துக் கணக்கு விதி 2007இலிருந்து இருக்கிறது. ஆனால் அது லிட்டில் லீகுக்குள் மட்டும்தான் கணக்கு. வார இறுதியில் வேறு டிராவல் டீமுக்கும் போடுகிறான் என்றால் இரண்டையும் கூட்டிப் பார்க்க ஆள் கிடையாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கோச் "இன்னும் ஒரு இன்னிங்ஸ்தான் சார்" என்பார், பையனும் முடியும் என்பான், அந்த வயசில் முடியாது என்று யார் சொல்வார்கள். வலிக்கிறதா என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும். மறுநாள் காலை சட்டை மாட்டும்போது எந்தக் கையை முதலில் நுழைக்கிறான் என்று பாருங்கள். போடும் கையைத் தூக்காமல் சட்டையை அதன்மேல் இழுத்துவிட்டால் ஒரு வாரம் பந்தை வாங்கி வைத்துவிட்டு, விளையாட்டு டாக்டர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

மார்ச் 22, இரவு

ஜூன் 28 ஆட்டத்தின் ஒளிபரப்பு இணையத்தில் கிடைக்கிறது, தேடினால் வரும். முழுசாகப் பார்க்க நேரமில்லை என்றால் எட்டாவது இன்னிங்ஸிலிருந்து தொடங்குங்கள். பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் புரூஸ் கிம் கையுறையை எங்கே வைக்கிறார், பந்து எங்கே வந்து விழுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். கடைசி ஓவர், நீங்களும் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.